ஒன்றுபோல் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல

தரவுத்தளப் பாடத்தின் ஆய்வகங்களில் ஆண்டுதோறும் தவறாமல் நிகழும் காட்சி ஒன்று உண்டு. மாணவர் மூன்று அட்டவணைகளை இணைத்து ஒரு வினவல் எழுதுகிறார். 40 நிரைகள் வர வேண்டிய இடத்தில் 120 நிரைகள் வந்து நிற்கின்றன. ஒரே பெயர் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. மாணவர் தயங்குவதில்லை. 'செலக்ட்' என்னும் சொல்லுக்கு அடுத்து 'டிஸ்டிங்க்ட்' என்று தட்டச்சு செய்கிறார். 120 என்பது 40 ஆகிறது. செய்முறை ஏட்டில் கையொப்பமும் விழுந்துவிடுகிறது.

விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் 120 ஏன் வந்தது என்று எவரும் கேட்கவில்லை. அதைக் கேட்காமலேயே பட்டம் பெறுவோர் பின்னாளில் ஆய்வேடுகளுக்கான கணக்கெடுப்புத் தரவுகளையும் அரசுத் துறைகளின் பயனாளர் பட்டியல்களையும் கையாள வருகிறார்கள். இரட்டைப் பதிவை நீக்குவது தூசு தட்டுவதைப் போன்ற துப்புரவு வேலை என்ற எண்ணமும் அவர்களுடனேயே வருகிறது. உண்மையில் அது ஒரு தீர்ப்பு. 'இவ்விரண்டும் ஒன்றே' என்று சொல்வது, உலகில் உள்ள இரண்டு பொருள்களைப் பற்றிய, சில வேளைகளில் இரண்டு மனிதர்களைப் பற்றிய ஒரு கூற்று. கூற்றுக்குச் சான்று வேண்டும். சொன்னவர் அதற்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். இந்தப் பொறுப்பு பெரும்பாலும் கற்பிக்கப்படாமலேயே போகிறது என்பதுதான் கவலைக்குரியது.

எளிய கணக்கு ஒன்றைக் கொண்டு இதைக் காணலாம். ஒரு கல்லூரியின் தரவுத்தளத்தில் மாணவர், பாடப்பதிவு, கட்டணம் என மூன்று அட்டவணைகள் உள்ளன எனக் கொள்ளலாம். ஒரு மாணவி 3 பாடங்களுக்குப் பதிவு செய்திருக்கிறார். கட்டணத்தை 2 தவணைகளாக, ஒவ்வொன்றும் 5,000 ரூபாய் வீதம் செலுத்தியிருக்கிறார். மூன்று அட்டவணைகளையும் மாணவர் எண்ணைக் கொண்டு நேராக இணைத்தால், ஒவ்வொரு பாடமும் ஒவ்வொரு தவணையுடன் சேர்ந்து 6 நிரைகள் கிடைக்கும். கட்டணத்தைக் கூட்டினால் 30,000 என்று வரும். அது தவறு என்று கண்ணுக்கே தெரிகிறது. உடனே கூட்டலுக்குள் 'டிஸ்டிங்க்ட்' நுழைகிறது. இப்போது விடை 5,000. இரு தவணைகளும் ஒரே தொகையாக இருந்ததால் அவற்றில் ஒன்றை இயந்திரம் விழுங்கிவிட்டது. அந்த மாணவி உண்மையில் செலுத்தியது 10,000.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வேறொரு மாணவர் முதல் தவணையாக 5,000, இரண்டாம் தவணையாக 4,000 செலுத்தியிருந்தால், அதே வினவல் 9,000 என்று மிகச் சரியாகவே விடை தரும். வினவலை எழுதியவர் சோதித்துப் பார்த்தது இந்த மாணவரின் கணக்காக இருந்தால், பிழை அவர் கண்ணில் படவே படாது. இரண்டு தவணைகளையும் சமமாகச் செலுத்தியவர்களின் பெயரில் மட்டும் நிலுவை காட்டும். அவர்கள் அலுவலகத்துக்கு ரசீதுகளுடன் அலைவார்கள். 'கணினியில் அப்படித்தான் இருக்கிறது' என்ற பதிலைப் பெறுவார்கள்.

தீர்வு கடினமானதன்று. கட்டண அட்டவணையில் மாணவர்வாரியாக முதலில் கூட்டிக்கொண்டு, அதன் பின்னர் மற்ற அட்டவணைகளுடன் இணைத்தால் போதும். பாடத்துக்குப் பதிவு செய்தவரா இல்லையா என்பது மட்டுமே தேவையென்றால், இணைப்பே வேண்டாம். 'எக்ஸிஸ்ட்ஸ்' என்னும் நிபந்தனை அந்த வேலையைச் செய்யும். நிரைகள் பெருகவே பெருகா. ஆக, பெரும்பாலான வேளைகளில் வினவல் விடையில் தோன்றும் இரட்டைப் பதிவுகள் தரவில் இருந்தவை அல்ல. கேள்வியைக் கேட்ட விதத்தில் பிறந்தவை. 'டிஸ்டிங்க்ட்' அந்தக் கேள்வியைத் திருத்துவதில்லை. தவறான கேள்விக்கு நேர்த்தியான விடையைத் தருகிறது.

இந்தச் சிக்கல் எஸ்.க்யூ.எல். மொழியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தபோது, அட்டவணையைக் கணிதத்தின் கணமாகவே வரையறுத்தார். கணத்தில் ஓர் உறுப்பு இருமுறை இடம்பெற முடியாது. ஆகவே எந்த இரு நிரைகளும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அறிமுகப்படுத்திய மொழி, நடைமுறை கருதி வேறு வழியில் வளர்ந்தது. ஒவ்வொரு விடையிலும் இரட்டைகளைக் கண்டு நீக்க வேண்டுமானால் நிரைகளை வரிசைப்படுத்த வேண்டும். அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்செலவு. தவிரவும், பலர் ஒரே சம்பளம் வாங்கும்போது சராசரி காண வேண்டுமானால் அந்தச் சம்பளம் அத்தனை முறையும் எண்ணப்பட வேண்டும். எனவே இரட்டைகள் அப்படியே இருக்கும். வேண்டாதவர் வெளிப்படையாகச் சொல்லி நீக்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. காடும் அவர் வழிவந்த கிறிஸ் டேட்டும் இதைப் பல்லாண்டுகள் கண்டித்து வந்தனர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மளிகைக் கடை ரசீதில் ஒரே சோப்பு இரண்டு முறை அச்சாகியிருந்தால் அது பிழையன்று. இரண்டு சோப்பு வாங்கியதன் பதிவு. ஆனால் காட் தரப்பினர் கேட்பார்கள்: இரண்டு என்று தெரிந்தபின் எண்ணிக்கைக்கென ஒரு புலம் வைக்காதது ஏன்? ரசீதின் வரிசை எண்ணையேனும் பதிவு செய்யாதது ஏன்? இந்த விவாதத்திலிருந்து மாணவர் பெற வேண்டிய பாடம் ஒன்றுதான். இரட்டை என்று ஏதேனும் கண்ணில் பட்டால், ஒன்றையொன்று பிரித்தறிய உதவும் ஏதோ ஒரு செய்தி பதிவாகாமல் போயிருக்கிறது. அல்லது பதிவாகியும் வினவலில் கேட்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது.

'ஒன்றே' என்று இயந்திரம் எதைக் கொண்டு முடிவு செய்கிறது என்பதும் பலருக்குத் தெளிவாக இல்லை. 'டிஸ்டிங்க்ட்' முதல் புலத்துக்கு மட்டும் பொருந்தும் என்று நம்பி அதற்கு அடைப்புக்குறி போடுவோர் உண்டு. உண்மையில் அது கேட்கப்பட்ட எல்லாப் புலங்களையும் சேர்த்தே ஒப்பிடுகிறது. ஆகவே தேதி என்னும் புலத்தைச் சேர்த்ததும் மறைந்த நிரைகள் திரும்பி வந்துவிடும்; அவற்றை மறைப்பதற்காகவே தேதியைக் கைவிடுவோரும் உண்டு. வெற்றுப் புலங்களின் கதை இன்னும் விந்தையானது. 'நல்' எனப்படும் இரண்டு வெற்று மதிப்புகள் சமமா என்று கேட்டால் எஸ்.க்யூ.எல். 'தெரியாது' என்கிறது. ஆனால் 'டிஸ்டிங்க்ட்' செய்யும்போது அவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி நீக்கிவிடுகிறது. தொலைபேசி எண் தராத இருவர், மற்றப் புலங்களும் பொருந்திவிட்டால், ஒருவராகிவிடுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். தமிழில் 'பொன்னி' என்று எழுதும்போது அந்த 'பொ' எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். குறியெண்களை அப்படியே ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ அவை இரு வேறு பெயர்கள். யூனிகோடு இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும். ஆனால் வடவெழுத்தான 'ஸ்ரீ'யை இரு வேறு மெய்யெழுத்துகளைக் கொண்டு ஒரே தோற்றத்தில் எழுத முடிகிறது. அதை இயல்பாக்கத்தாலும் சரிசெய்ய இயலாது. மனிதக் கண்ணுக்கு ஒன்றாக இருப்பது இயந்திரத்துக்கு இரண்டாகவும், மனிதருக்கு இரண்டாக இருப்பது இயந்திரத்துக்கு ஒன்றாகவும் ஆகும் இடங்கள் இவை.

ஆய்வுலகில் இதன் விளைவு கட்டணக் கணக்கைவிடப் பெரியது. கிராமப்புறக் கணக்கெடுப்பு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அறநெறி கருதிப் பெயரும் அடையாள எண்ணும் நீக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை ஊர், பால், வயது, கல்வி, தொழில், தினக்கூலி ஆகிய புலங்கள் மட்டுமே. தரவு உள்ளிட்டவர்கள் சில படிவங்களை இருமுறை பதிந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தில் ஆய்வாளர் 'டிஸ்டிங்க்ட்' இடுகிறார். அல்லது இரண்டு மாவட்டங்களின் தரவை 'யூனியன் ஆல்' என்பதற்குப் பதிலாக 'யூனியன்' கொண்டு சேர்க்கிறார். அது சொல்லாமலேயே இரட்டைகளை நீக்கும் என்பதை அவர் மறந்துவிடுகிறார்.

இப்போது மறைகிறவர்கள் யார்? பள்ளி ஆசிரியர், கடைக்காரர், ஓட்டுநர், வங்கி ஊழியர் வாழும் தெருவில் எவரும் மறைவதில்லை. அவர்களின் வயதும் படிப்பும் வருவாயும் ஆளுக்கு ஆள் வேறு. வேளாண் கூலிகள் வாழும் குடியிருப்பில் பெண்கள் அனைவருக்கும் ஒரே கூலி, தொழில் ஒன்று, கல்வி என்ற புலத்தில் 'இல்லை' என்ற ஒரே சொல். பிறந்த நாள் தெரியாதவர்கள் வயதை 30, 35, 40 என்று சொல்வது இந்தியக் கணக்கெடுப்புகளில் நன்கு அறியப்பட்ட வழக்கம். ஆகவே அங்கே பத்துப் பேர் மூவராகச் சுருங்குவது எளிது. ஆய்வேட்டில் சராசரிக் கூலி உயர்ந்து காட்டும்; கல்வி பெறாதோர் விகிதம் குறைந்து காட்டும். எவரும் பொய் சொல்லவில்லை. எந்த எண்ணும் திருத்தப்படவில்லை. ஒரு சொல் சேர்க்கப்பட்டது, அவ்வளவே. வறுமை மனிதர்களைப் பட்டியலில் ஒன்றுபோல் தோன்றச் செய்கிறது. ஒன்றுபோல் தோன்றுபவர்களை வினவல் முதலில் நீக்குகிறது. இப்பிழை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறுவதில்லை. ஒரே பக்கமாகச் சாய்கிறது. ஆதலால்தான் அது ஆபத்தானது.

'டிஸ்டிங்க்ட்' மூல அட்டவணையிலிருந்து எதையும் அழிப்பதில்லை, விடையில் மட்டுமே மறைக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்லலாம். ஆனால் முடிவுகள் விடையைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. அந்த முடிவு பெயரை நீக்குவதாகவே இருக்கும் இடம் வாக்காளர் பட்டியல். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளிலோ ஒரே தொகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறையோ பதிவு பெறுவதைத் தடுக்கின்றன. எனவே இரட்டைப் பதிவு நீக்கம் அங்கே சட்டக் கடமை. எதைக் கொண்டு நீக்குவது என்பதே கேள்வி.

அடையாள அட்டை எண்ணைக் கொண்டு நீக்கலாமே என்று தோன்றும். 2025 மார்ச்சில் இந்தியத் தேர்தல் ஆணையம் வெளியிட்ட விளக்கம் அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த சில வாக்காளர்களுக்கு ஒரே அட்டை எண் வழங்கப்பட்டிருப்பதை ஆணையம் ஒப்புக்கொண்டது. அனைத்து மாநிலப் பட்டியல்களும் ஈரோநெட் என்னும் பொதுத்தளத்துக்கு மாறும் முன்னர், மாநிலங்கள் தனித்தனியே ஒரே எழுத்தெண் வரிசையைப் பயன்படுத்தியதே காரணம் என்றும், எண் ஒன்றாக இருப்பதால் அவர்கள் போலி வாக்காளர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்றும் அது கூறியது. தனித்தன்மை உடையது என எல்லோரும் நம்பிய திறவுகோலே இரண்டு மனிதர்களுக்குப் பொதுவாக இருந்திருக்கிறது. அந்த எண்ணை மட்டும் நம்பி ஒருவர் நாடு முழுவதற்குமான பட்டியலில் இரட்டைகளை நீக்கியிருந்தால், தகுதியுள்ள ஒரு குடிமகன் வாக்கை இழந்திருப்பார்.

பெயரையும் உறவினர் பெயரையும் வயதையும் ஒப்பிடுவது மற்றொரு வழி. இந்தியப் பெயர்களில் அதுவும் வழுக்கும் தரை. தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து, ஆந்திரத்தில் வீட்டுப் பெயர், வடக்கே குடும்பப் பெயர். எழுத்துப் பெயர்ப்பில் ஒரே லட்சுமி நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதப்படுகிறார். நான்கு லட்சுமிகள் ஒரே விதமாகவும் எழுதப்படுகிறார்கள். பதிவுகளை ஒப்பிடும் முறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்ட ஐவன் ஃபெலிகியும் ஆலன் சன்டரும் 1969ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதற்கு மூன்று விடைகளை வைத்தனர்: ஒன்றே, வேறு வேறு, உறுதியாகச் சொல்ல இயலாது, மனிதர் பார்க்க வேண்டும். அந்த மூன்றாவது விடையே அவர்கள் தந்த பெருங்கொடை. 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லில் அந்த மூன்றாவது விடைக்கு இடமில்லை.

மனிதர் பார்த்தபின்னும் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2025இல் பீகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர் ஆகியோருடன், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவு பெற்றவர்கள் என ஏறத்தாழ 7 லட்சம் பேரை ஆணையம் குறிப்பிட்டது. அப்பணி குறித்த அரசியல் வாதங்கள் ஒருபுறம் இருக்க, ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை தரவு கையாளும் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது. விடுபட்ட பெயர்களைக் காரணத்துடன் வெளியிட வேண்டும், அவற்றை மக்கள் தேடிப் பார்க்க இயல வேண்டும் என்று அது பணித்தது. நீக்கியவற்றின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் காரணமும்: நல்ல தரவாளர் தம் மேசையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கும் இதுவே.

இரட்டைப் பதிவுகளால் தீங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. ஒரே பெயரில் இருமுறை உதவித்தொகை போவதும், இறந்தவர் பெயரில் பொருள் வாங்கப்படுவதும் உண்மையான கேடுகள். 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லே குற்றமானது என்பதும் பொருளன்று. 'எந்தெந்த மாவட்டங்களிலிருந்து மாணவர்கள் வந்திருக்கிறார்கள்' என்பது கேள்வியானால், அதற்கு அந்தச் சொல்தான் பொருத்தமான விடை. வேண்டுவது அச்சொல்லைக் கைவிடுவதன்று. இடுவதற்கு முன் காரணம் சொல்லும் பழக்கம்.

அப்பழக்கத்துக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வினவல் எழுதுமுன், 'இந்த விடையில் ஒரு நிரை என்பது எதைக் குறிக்கிறது' என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கலாம். மாணவரையா, மாணவரின் பாடத்தையா, தவணையையா? அந்த வாக்கியம் எழுத வராவிட்டால் வினவலும் எழுத வரவில்லை என்றே கொள்ள வேண்டும். இரட்டைகள் வந்தால், நீக்குவதற்கு முன் 'குரூப் பை' கொண்டு தொகுத்து, ஒன்றுக்கு மேல் வருபவற்றை மட்டும் எடுத்துக் கண்ணால் பார்க்கலாம். ஒன்றை வைத்து மற்றதை விடுவதற்கு 'ரோ நம்பர்' பயன்படுத்தும்போது எந்த ஒழுங்கில் வரிசைப்படுத்துவது என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எந்த நிரை எஞ்சும் என்பதற்கு உறுதியில்லை. இன்று ஒரு முகவரி எஞ்சும், நாளை மற்றொன்று. விலக்கியவற்றை அழிக்காமல், காரணத்துடன் தனி அட்டவணையில் வைத்திருந்தால், பின்னர் எவரேனும் வந்து கேட்கும்போது காட்ட முடியும்.

மருத்துவ ஆய்வுத் தொகுப்புகளுக்கான பிரிஸ்மா நெறிமுறையில் இதற்கு முன்மாதிரி உண்டு. பல தரவுத்தளங்களில் தேடித் திரட்டிய கட்டுரைகளில் இரட்டைகளாக நீக்கப்பட்டவை எத்தனை என்பதை ஆய்வாளர் ஓட்டப்படத்திலேயே எண்ணால் காட்ட வேண்டும். சமூக அறிவியல் ஆய்வேடுகளிலும் பொருளியல் ஆய்வேடுகளிலும் இத்தகைய ஒரு வரி வழக்கமாகிவிடின் நன்று: திரட்டிய பதிவுகள் இத்தனை, இரட்டை என நீக்கியவை இத்தனை, நீக்கியதற்கான அளவுகோல் இது, ஐயத்துக்கு இடமான பதிவுகளைப் பார்வையிட்டவர் இன்னார்.

இதைக் கேட்க வேண்டிய இடம் வாய்மொழித் தேர்வு. அங்கே மாதிரியின் அளவு கேட்கப்படுகிறது. பின்னடைவுச் சமன்பாடு கேட்கப்படுகிறது. புள்ளியியல் மென்பொருளின் பெயர்கூடக் கேட்கப்படுகிறது. 'திரட்டிய படிவங்கள் எத்தனை, பகுப்பாய்வுக்கு வந்தவை எத்தனை, இடையில் காணாமற்போனவர்கள் யார்' என்ற கேள்வியையும் தேர்வாளர்கள் கேட்கத் தொடங்கினால் போதும். அடுத்த ஆண்டிலிருந்து ஆய்வகத்தில் அந்த 120 நிரைகளைக் கண்ட மாணவர், விசைப்பலகையில் கை வைக்குமுன் ஒரு கணம் நின்று யோசிப்பார்.